சட்டைக்கு மேல் மூன்று கோடு

கோடு இல்லாத அணிலை நம் ஊரில் யாரும் அணில் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் வேலை பார்த்த அச்சகத்துக்கு அந்தச் சித்திரக்கதை வெளிநாட்டிலிருந்து வந்தது. எங்கோ ஒரு கிரகத்தில் போர். நாய்தான் கேப்டன், கரடிகள் பீரங்கிப் படை, தோளில் வயர்லெஸ் பெட்டி தொங்க ஓடும், கோடில்லாத ஓர் அணில்.

"இன்னாமா இது, எலியாட்டம் கீது? சட்டை மேலயே மூணு கோடு போட்டுடு" என்றார் மேற்கு மாம்பலம் அச்சக முதலாளி. ஆங்கில வசனத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டித் தமிழில் எழுதுவதுதான் அங்கே என் வேலை. எழுதின கையோடு கோடும் போட்டேன். அதுவே வினையாக வந்து சேர்ந்தது.

அண்ணன் ராணுவத்தில் சிக்னல் பிரிவு, அந்த அணிலைப் போலவே வயர்லெஸ் சுமப்பவன். அந்த வருடம்தான் ஹவில்தார் ஆகி, சட்டைக் கையில் மூன்று பட்டை வாங்கியிருந்தான். வங்கதேசப் போருக்காக எல்லைக்குப் போன பிறகு கடிதம் வருவது நின்றது. மயிலாப்பூர் வீட்டில் அண்ணி ரேடியோவை விட்டு நகரவில்லை. வாராவாரம் நான் கொண்டுவரும் புத்தகத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு அணிலைத் தேடுவாள். "உங்க அண்ணன் நல்லா இருக்கார்" என்று சொல்லிவிட்டுத்தான் சோறு போடுவாள். பைத்தியக்காரத்தனம் என்று எரிச்சலாக வரும். ஆனால் அந்த வார்த்தைக்காக நானும் காத்திருந்தேன்.

டிசம்பரில் வந்த ஒரு தாளில் அணில் குப்புறச் செத்துக் கிடந்தது. நாய் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றது. நாயின் வசனத்தின் மேல் தாள் ஒட்டி, 'தூங்குகிறான், எழுப்பாதீர்கள்' என்று எழுதினேன்.

முதலாளி கத்தினார். "அடுத்த வாரம் அணில் எங்கன்னு படிக்கிறவன் கேப்பானே, இன்னா சொல்லுவ?"

"லீவுல ஊருக்குப் போயிருக்குன்னு எழுதறேன்."

"யுத்தத்துல இன்னாமா லீவு?" மெஷின் காத்திருந்ததால் தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

அண்ணி அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்காமல் வழக்கமான வார்த்தையைச் சொல்லிவிட்டுச் சோறு போட்டாள்.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் அண்ணன் வந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை, பேச்சுதான் இல்லை. அவனைச் சிரிக்க வைக்கலாம் என்று அண்ணி புத்தகங்களைப் பரப்பி, "இதுதான் நீங்க" என்று அணிலைக் காட்டினாள். லேசாகச் சிரிக்கவும் செய்தான். அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தினான்.

"இவன் தூங்கல. தூங்கறவன் கை இப்படி மடங்கிக் கிடக்காது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அண்ணி முந்திக்கொண்டாள். "எனக்கு அன்னைக்கே தெரியும். இவ எழுதினதத்தான் புடிச்சிக்கிட்டு இருந்தேன்."

அண்ணன் நான் போட்ட கோடுகளை விரலால் தடவிக்கொண்டிருந்தான். போர்முனையில் தன் பக்கத்தில் வயர்லெஸ் பெட்டியோடு இருந்த ஒருவன் செத்துப்போனதை அப்போதுதான் சொன்னான். அவன் அம்மாவுக்கு ஆறுதலாக ஒரு வரி எழுத இத்தனை மாதமாக முயன்றும் வரவில்லையாம். பிறகு புத்தகத்தை என் பக்கம் தள்ளினான்.

"உனக்குத்தான் எழுத வருதே. அந்தம்மாவுக்கு என்னன்னு எழுதறது, சொல்லு."

அண்ணியும் என்னையே பார்த்தாள். வெள்ளைத் தாளை எடுத்து வைத்தேன்; இதில் 'தூங்குகிறான்' என்று எழுத முடியாது.