மாமா வாங்கிவைத்த படங்கள்

என் மாமாவுக்குக் காது பாதிதான் கேட்கும். பாதி என்பது அவர் சொல்லும் கணக்கு. அத்தையைக் கேட்டால் கால்வாசி என்பார்.

மாமா ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆட்களுக்கு ரிக் என்றால் விளக்கம் வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆழ்துளைக் கிணறு போடும் எந்திரம் ஏற்றிய பெரிய லாரி அது. டீசல், இரும்பு ராடுகள், அரிசி மூட்டை, அடுப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு இன்னொரு லாரி பின்னால் போகும். இரண்டும் ஊரை விட்டுக் கிளம்பினால் சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் சுற்றும். பாறையில் ராடு இறங்கும்போது கம்ப்ரசர் போடும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டவர்கள் அதற்கப்புறம் ஊர்த் திருவிழா மைக்கைக் குறை சொல்ல மாட்டார்கள். மாமா அந்தக் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் லீவரைப் பிடித்தபடியே பாதி வாழ்க்கை நின்றவர்.

காது மங்கியபிறகு அவர் விட்ட முதல் விஷயம் சினிமா. ரிக்குக்கு ரிக்கு பென்டிரைவில் படம் கை மாறும். எல்லாரும் லாரிக்கு அடியில் பாயைப் போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள், மாமா மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பாராம். பிறகு எப்படியோ, காசு கொடுத்துப் படம் வாங்கும் ஆப் ஒன்றில் சில படங்களுக்குக் கீழே தமிழிலேயே வசனம் எழுத்தாக ஓடும் என்று கண்டுபிடித்தார். அப்படிப்பட்ட படங்கள் குறைவு. தேடித் தேடி வாங்கினார். வாடகைக்கு எடுத்துப் பார்க்கும் வசதியும் இருக்கிறது, ஆனால் அவருக்கு அது பிடிக்காது. "வாங்கிப் போட்டுட்டா நம்முளுது. எப்ப வேணாலும் பாத்துக்கலாம்" என்பார்.

சிக்கல் அந்த 'எப்ப வேணாலும்' என்பதில்தான். போன முறை லீவில் வந்திருந்தபோது, படம் பார்க்கும் டேப்லெட்டை, அவர் வாயில் டேப்பு, என் மடியில் வைத்தார்.

"அம்முணி, இதென்னன்னு பாரு. இங்கிருந்து எறக்கித்தான் கொண்டு போறேன். காட்டுக்குள்ள கொஞ்ச நாள் நல்லா ஓடுது. அப்பறம் நெட்டு கேக்குது. அங்க நெட்டுக்கு எங்க போறது? மரத்து மேல ஏறுனாலும் ஒரு கோடுதான் வருது."

அவர் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னேன். "படத்துக்குப் பூட்டு போட்டுத்தான் குடுக்கறாங்க மாமா. சாவி அவங்ககிட்ட இருக்குது. அப்பப்ப அவங்களக் கேட்டுட்டுத்தான் தொறக்கும்."

"நான் காசு குடுத்து வாங்குனதுக்கா?"

"ஆமாங்க."

"அப்ப நான் என்னத்த வாங்குனேன்?"

நாமக்கல்லில் கோழித்தீவனக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. நாள் முழுக்க முட்டையையும் மக்காச்சோளத்தையும் கட்டத்துக்குள் அடைக்கிற வேலை. கை சும்மா இருக்காது. யாராவது 'முடியாது' என்றால் அந்த நிமிஷமே அதைச் செய்து பார்க்கத் தோன்றும். மாமாவின் கேள்விக்கு வாயால் பதில் சொல்வதை விடப் பூட்டை உடைத்துக் காட்டிவிடலாம் என்று பட்டது. வாங்கிய படங்களைப் பூட்டில்லாமல் இறக்கித் தருவதாகச் சொல்லும் ஒரு சாஃப்ட்வேர் கிடைத்தது. படம் வாங்கிய கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளுமாம்.

கேட்டதும் மாமா பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார். அத்தை மட்டும், "யாரு பண்ணுன சாப்ட்வேரு கண்ணு அது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. எனக்குத் தெரியவில்லை. "எல்லாரும் போடறாங்க அத்தை" என்று சொன்னேன். பதில் தெரியாதபோது நான் சொல்லும் பதில் அது.

மாமாவின் கணக்கைச் சேர்த்தேன், என் கணக்கையும் சேர்த்தேன். முதலில் என்னுடையதில் சோதித்துவிடலாம் என்றது உள்ளே ஏதோ ஒன்று. அந்த ஒரு புத்தி அன்றைக்கு எப்படி வந்ததென்று இன்றுவரை ஆச்சரியம். நான் வாங்கியிருந்த ஒரு படம் இறங்கியது. நெட்டை அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். ஓடியது! நான் துள்ளியதைப் பார்த்து மாமாவும் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். சித்த நேரம் திரையையே பார்த்தார்.

"எழுத்து எங்க சாமி?"

எழுத்து வரவில்லை. படம் வந்திருந்தது, சத்தம் வந்திருந்தது, கீழே ஓட வேண்டிய வசனம் மட்டும் இல்லை. ஏதாவது அமைப்பை மாற்றினால் வரும் என்று இன்னொரு படத்தை இறக்கினேன். அப்புறம் இன்னொன்று. மூன்றாவது பாதியில் நின்றது. அதே நேரத்தில் என் போனும் அதிர்ந்தது.

வழக்கத்துக்கு மாறான நடவடிக்கை காரணமாகவும் விதிமுறையை மீறியதற்காகவும் உங்கள் கணக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான் செய்தி. படம் போகட்டும். அந்தக் கணக்கில்தான் என் மெயில், கல்லூரிக்காலப் போட்டோக்கள் எல்லாம். எதைத் தொட்டாலும் அதே நாலு வரிதான் வந்தது.

எனக்காக வருத்தப்பட நேரமில்லை. அந்த சாஃப்ட்வேருக்குள் இன்னொரு கணக்கும் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. மாமாவின் கணக்கு. அவருக்கும் ஒரே கணக்குதான். தேடித் தேடி வாங்கின படங்கள், ரிக் ஏஜென்டுகளின் நம்பர்கள், மகள் கல்யாணப் போட்டோக்கள், எதிரில் இருப்பவர் பேசுவதை எழுத்தாகக் காட்டும் வசதி, எல்லாமே அதற்குள். அது போனால் அவருக்கு இரண்டாவது தடவை காது போன மாதிரி.

அப்போதுதான் முதல் தடவையாக அந்த நீளமான விதிமுறையைப் படித்தேன். எல்லாரும் படிக்காமலே 'சம்மதம்' என்று அமுக்குவோமே, அது. பொத்தானில் 'வாங்கு' என்று போட்டிருந்தாலும் நாம் வாங்குவது படத்தை அல்ல, பார்ப்பதற்கான அனுமதியை. பூட்டைத் தொட்டால் அந்த அனுமதியையும் எடுத்துக்கொள்வார்கள், கணக்கையும் மூடுவார்கள். எங்கள் ஊரில் முட்டை வாங்கினால் அவிக்கலாம், பொரிக்கலாம், அடைக்கும் வைக்கலாம். வாங்கு என்ற சொல்லுக்கு இந்த ஊரில் அதுதான் அர்த்தம். மாமாவும் அந்த அர்த்தத்தில்தான் அமுக்கியிருக்கிறார். அவரை எப்படிக் குறை சொல்வது? பூட்டு போடாவிட்டால் ஒருத்தர் வாங்கி ஊரே பார்க்கும், பென்டிரைவ் கதைதான், அதுவும் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் காசும் கொடுத்துவிட்டுக் காட்டுக்குள் கறுப்புத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஒருவரை அந்த நீளமான விதிமுறையில் எங்கேயும் நினைத்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

டேப்பில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன். 'என் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். உங்களுடையதையும் பூட்டலாம். உடனே பாஸ்வேர்டை மாத்தணும்.'

மாமா இரண்டு முறை படித்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன்.

"உன்ற படமெல்லாம் போச்சா?" என்றார்.

"போச்சுங்க மாமா."

"சேரி, மாத்து மாத்து."

சாஃப்ட்வேரை நீக்கினேன். மாமாவின் கணக்கில் எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறு என்பதை அமுக்கினேன். 'பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியுள்ளோம்' என்றது. மாமாவின் போனைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

"மாமா, எந்த நம்பர் குடுத்தீங்க?"

"ரிக்கு நம்பரு."

ரிக் லாரியின் பக்கவாட்டில் ஆளுயரத்துக்குப் பெயின்ட்டில் எழுதியிருக்குமே, அந்த நம்பர். கேஸ் புக் பண்ணவும் அதுதான், டயர்க்கடைக்கும் அதுதான், ஆளாளுக்கு ஆப் போடவும் அதுதான். ஆட்கள் மாறி மாறி லீவில் வருவார்கள். நம்பர் மட்டும் வண்டியை விட்டு இறங்காது. மாமா திருச்செங்கோட்டில் இருக்கிறார், அவருடைய ஓடிபி சத்தீஸ்கரில் ஒரு வயலில் இருக்கிறது.

கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டேன். அத்தைதான் சொன்னார்: "வண்டி ஓடுனா எவனுக்கும் கேக்காது கண்ணு. சமையல்காரருக்குப் போடு. அவருதான் தள்ளி உக்காந்திருப்பாரு."

ரிக்கோடு போகும் சமையல்காரர் உடனே எடுத்தார்.

"அலோ, யாருங்க?"

"டிரில்லரோட அக்கா மகளுங்க."

"சொல்லுங்க அம்முணி, அண்ணன் நல்லாருக்காருங்களா? வாரப்ப நம்மூரு முறுக்கு கொண்டாரச் சொல்லுங்க."

"சொல்றனுங்க. ரிக்கு போன் எங்கீங்க இருக்குது?"

"வண்டி மேல டப்பாவுல கெடக்கும். இப்பப் பாறையில ஓடுதுங்க. இடி உளுந்தாலும் கேக்காது."

"நீங்க போயி எடுக்கோணுங்க. அதுல ஒரு நம்பர் வந்திருக்கும், அதப் படிச்சுச் சொல்லோணும். அவசரமுங்க."

"அடுப்புல சாம்பார் கொதிக்குதுங்களே."

அத்தை போனைப் பிடுங்கினார். "சாம்பார எறக்கி வெச்சுப்போட்டு ஓடுங்க! சாம்பாரு எங்கயும் போயராது!"

"ஓடறனுங்க்கா!"

அவர் ஓடும் மூச்சுச் சத்தம் கேட்டது. போகப் போக கம்ப்ரசர் சத்தம் பெரிதாகி, எங்கள் வீட்டுக்குள்ளேயே துளை போடுவது போல் இருந்தது. நடுவில் அவர் கத்திய எண்களில் ஒன்றுகூடப் புரியவில்லை. மாமா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்கறாரு? தண்ணி வந்துருச்சாமா?"

"அட, உங்க கணக்கே போவப் போவுது, தண்ணியாமா தண்ணி!" என்று அத்தை கையை ஆட்டிக் காட்டினார்.

சமையல்காரரை லாரி கேபினுக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றச் சொன்னேன். அதற்குள் அந்த ஓடிபி காலாவதியாகியிருந்தது. இன்னொன்று அனுப்பினேன். இந்த முறை ஒவ்வொரு எண்ணாகத் தெளிவாகச் சொன்னார். நான் அடிக்க அடிக்க, அத்தை என் தோளுக்கு மேலிருந்து அதையே திருப்பிச் சொன்னார். பச்சை டிக் வந்தது. பாஸ்வேர்டை மாற்றினேன். கூடவே ரிக் நம்பரை எடுத்துவிட்டு மாமாவின் சொந்த நம்பரைப் போட்டேன்.

போனை வைக்கும் முன் மாமாவுக்காகக் கேட்டேன். "தண்ணி வந்துருச்சுங்களா?"

"எங்கீங்க, வெறும் தூசிதான் பறக்குது."

மாமாவிடம் கையை விரித்துக் காட்டினேன். கணக்கு தப்பியதை விட அதற்குத்தான் அவர் முகம் வாடியது. யாரோ ஒரு விவசாயியின் காசு போகிறதே என்றார்.

கணக்கு தப்பிவிட்டதென்று அன்றைக்கே எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாரம் முழுக்க அலுவலகத்திலிருந்து அத்தைக்குப் போன் செய்து, "படம் இருக்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பால் பொங்கிவிட்டதா என்று எட்டிப் பார்ப்பது போல அத்தை போய்ப் பார்த்துவிட்டு, "இருக்குது, இருக்குது" என்பார். என் கணக்குக்காக நான் எழுதிய முறையீட்டுக்குப் பதில் வந்தது. பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை என்றார்கள். யாரோடு பேசுவது என்று அதில் ஒரு நம்பர்கூட இல்லை. கல்லூரி நண்பர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டுப் போட்டோக்களைக் கொஞ்சம் திரட்டிக்கொண்டேன். மிச்சம் போனது போனதுதான்.

மாமா ரிக்குக்குத் திரும்பும் முன் ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். எல்லாப் படத்தையும் ஆப்புக்குள்ளேயே, அவர்கள் விடுகிற வழியிலேயே, புதிதாக இறக்கிக் கொடுத்தேன். காட்டுக்குள் பூட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதுதான் மிச்சம். மாமாவே ஒரு வழி சொன்னார்: டீசல் பிடிக்க லாரி டவுனுக்குப் போகும்போது டேப்பையும் கொடுத்துவிட்டால் ஆயிற்று. "டீசலும் தீந்து போவுது, இதும் தீந்து போவுது. ரெண்டையும் ஒண்ணா ரொப்பிக்கறது."

சரியாக ஓடுகிறதா என்று ஒரு நகைச்சுவைப் படத்தைப் போட்டுப் பார்த்தோம். கீழே எழுத்து ஓடியது. நடிகர் வாயைத் திறப்பதற்கு முன்பே வசனம் முழுதாக வந்துவிடுகிறது. மாமா படித்துவிட்டுச் சிரித்தார். நானும் அத்தையும் வசனம் காதில் விழும்வரை காத்திருந்து, அவருக்குப் பின்னால் சிரித்தோம்.

அவர் போய்க் கொஞ்ச நாள் கழித்து, அலுவலகத்தில் இருக்கும்போது சமையல்காரரிடமிருந்து போன். பின்னால் பங்க்கில் டீசல் அடிக்கும் சத்தம்.

"அம்முணி, டேப்பு டவுனுக்கு வந்துருச்சுங்க. நெட்டு நல்லா வருது. எதை அமுக்கோணுங்க?"

"ஒவ்வொரு படமாத் தொறந்து, ஓட ஆரம்பிச்சதும் மூடிருங்க. பூட்டு தானாப் புதுசாயிரும், அது போதும்."

"அத்தனையுமுங்களா?"

"அத்தனையும்."

அவர் டேப்பைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு எங்கோ ஒரு பாட்டு தொடங்கியது, நின்றது. இன்னொன்று தொடங்கியது, நின்றது. மூன்றாவது தொடங்கியது, நிற்கவில்லை.

"அண்ணா, மூடலீங்களா?"

"மூடறனுங்க, மூடறனுங்க. இந்த ஒண்ணு மட்டும் பாத்துக்கறனே, இன்னும் டீசல் ரொம்புலீங்க."