ஆயிரத்தொன்று

வங்கியிலிருந்து கைப்பேசிக்கு வந்த ரகசிய எண் 418418. அதைப் பார்த்ததுமே திண்டிவனத்தில் அக்கா வீட்டுச் சமையலறை நினைவுக்கு வந்தது.

அறுபதுகளின் தொடக்கம். பத்தாவது படித்துக்கொண்டிருந்த அக்காவைப் பாதியில் நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்தார்கள். துணைக்குச் சில நாள் என்னையும் விழுப்புரத்திலிருந்து அனுப்பினார்கள். அக்கா தன் கணவரோடு பேசவே இல்லை. மல்லாட்டை மண்டியில் வேலை பார்த்த மாமா, சட்டையெல்லாம் வேர்க்கடலைத் தூசு மணக்க வருவார். தலைகுனிந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

ஒரு மதியம் என்னிடம் சொல்வதுபோல் சொன்னார்: "மூணு இலக்கத்துல ஒரு நம்பர எழுது. பக்கத்துலயே அதத் திரும்ப எழுது. ஏழால வகு. வந்தத பதினொண்ணால, அப்புறம் பதிமூணால வகு. மொதல்ல எழுதின நம்பரே வரும்."

எனக்கு வகுத்தல் வராது. அக்காதான் கரித்துண்டை எடுத்துத் தரையில் 418418 என்று எழுதி வகுத்தாள். கடைசியில் 418 வந்தது. வேறு எண்களும் அப்படியே வந்தன. அடுப்பில் குழம்பு தீய்ந்தது.

"எப்படிங்க?" என்றாள். அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

"தெரியலயே. மண்டியில ஒருத்தர் சொல்லிக்கினு இருந்தாரு."

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுமுன்பே அக்கா வாசலுக்கு ஓடினாள். "ஏழு, பதினொண்ணு, பதிமூணு, மூணையும் பெருக்கினா ஆயிரத்தொண்ணுங்க! நம்பர ரெண்டு தடவ எழுதறதும், ஆயிரத்தொண்ணால பெருக்கறதும் ஒண்ணுதான்!"

மாமா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "புரியல. மெதுவா சொல்லு."

விளக்கு வைக்கும்வரை அவள் சொன்னாள்.

என்னை ரயிலேற்ற ஸ்டேஷனுக்கு வந்தபோது இருவரும் பேசிக்கொண்டே முன்னால் போனார்கள். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த என்னை மறந்தே போனார்கள்.