அக்காவின் மான்ஸ்டெராவுக்கு நாங்கள் வைத்த விருந்து

ஒற்றை இலையோடு வாங்கி வளர்த்த மான்ஸ்டெரா என்ற அழகுச் செடியை, கல்யாணமாகிப் போகும்போது அக்கா எங்களிடம் விட்டுச் சென்றாள். இன்று அது மஞ்சளாகித் தலை தொங்கிவிட்டது. நாளை அவள் வருகிறாள்.

நானும் அம்மாவும் தொட்டியோடு குமணன்சாவடி நர்சரிக்கு ஓடினோம்.

"அண்ணாத்தே, நல்ல மண்ணு, நல்ல உரம், எதுனா குடுங்க."

நர்சரிக்காரர் மண்ணை முகர்ந்து பார்த்தார். "இதுக்கு இன்னா போட்டீங்க?"

"டீத்தூள்தான், தெனமும்" என்றாள் அம்மா.

"ஐயோ, நான் யூரியா போட்டுகினு கீறேனே!" என்றேன்.

அப்பாவுக்கு போன் போட்டோம். "புளிச்ச மோர் ஊத்தினேன். ஏன்டா?"

"மூணு வேளையும் விருந்தா நைனா?" என்று நர்சரிக்காரர் செடியை லேசாக இழுத்தார். வேர் கூழாகிக் கையோடு வந்தது. "இனிமே எந்த மண்ணு வாங்கியும் பிரயோஜனம் இல்ல."

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா தொட்டியை மடியில் வைத்திருந்தாள். "நம்மள நம்பித்தானடா உட்டுட்டுப் போனா" என்றாள். நான் போனை எடுத்து நம்ம குரூப்பில் இதை எழுத ஆரம்பித்தேன்.

மச்சான்களே, விடிவதற்குள் நல்ல பொய்யாக ஒன்று சொல்லுங்கள். 'பூனை தின்றுவிட்டது' வேண்டாம். அக்காவின் மீன்கள் செத்தபோதே அதைச் சொல்லிவிட்டோம்.