பகலிலும் இறங்காத கோடு

அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். அப்பா பஸ் பணிமனையில் மெக்கானிக். மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "காட்டுல காத்தை அளக்குறா" என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். அப்படியே 'காத்துக்காரி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் அவர் சொன்னது உண்மைதான். மழைக்காட்டின் நடுவே, மரங்களின் தலைக்கு மேலே நிற்கிறது ஓர் இரும்புக் கோபுரம். காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்பதை அதன் உச்சியிலுள்ள கருவி கம்பி வழியே அவளுடைய அறைக்கு அனுப்பும். இரவில் காடு மூச்சு விடும்; திரையில் கோடு ஏறும். வெயில் வந்ததும் இலைகள் வாயுவை இழுத்து மரமாக்கிக்கொள்ளும், கோடு இறங்கும். உலகத்துப் புகைபோக்கிகள் கக்குவதில் ஒரு பங்கை இத்தகைய காடுகள் விழுங்குவதால்தான் பூமியின் சூடு இந்த அளவோடு நிற்கிறது.

ஒரு வாரமாகப் பகலிலும் கோடு இறங்கவில்லை. கருவியில் பழுதில்லை. கடும் வறட்சியில் காடு வாயுவை வாங்குவதை விட்டுவிட்டு வெளியே கொட்டத் தொடங்கலாம் என்று படித்திருக்கிறாள். இந்தக் காடும் கைவிரித்துவிட்டதா? தட்டில் போட்ட சோறு அப்படியே கிடந்தது.

உச்சியில் ஏறிப் பார்த்துவிடலாம் என்று போனாள். கோபுரத்தை நெருங்கும்போதே டீசல் வாடை மூக்கைத் துளைத்தது. காற்று வரும் பக்கத்தில் ஜெனரேட்டர் கடகடத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆய்வு நிலையத்துச் சமையல்காரர், டீசல் கேனோடு.

"அண்ணே! இது எப்படி இங்க வந்துச்சு?"

"நீதானேம்மா சொன்னே, ஜன்னலுக்கு வெளியே கத்தி உயிரை வாங்குதுன்னு? நாலு பேரைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். ஒரு வாரமா நிம்மதியா வேலை பாக்குறியா இல்லையா?"

"நிம்மதியா? காடே போச்சுன்னு அழுதுகிட்டிருக்கேன்ணே!"

"காடு எங்கே போச்சு? இதோ நிக்குதே!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "முதல்ல அதை அணைங்கண்ணே."

மதியத்துக்குள் ஜெனரேட்டர் பழைய இடத்துக்கே திரும்பியது. ஜெனரேட்டர் புகையையும் சேர்த்துக் கருவி அளந்துவிட்ட அந்த வாரத்தின் அளவுகளை ஒதுக்கிவைத்தாள். வறட்சியைப் பற்றிய கவலை முழுதும் தீர்ந்துவிடவில்லை. நாளையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனாலும் திரையில் கோடு மெல்ல மெல்ல இறங்கியபோது, அவளும் ஒரு நீண்ட மூச்சு விட்டாள்.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். "என்னம்மா அங்க ஒரே இரைச்சல்?"

"ஜெனரேட்டர்ப்பா. ஜன்னலுக்கு வெளியே."

"தள்ளி வைக்கச் சொல்லேன்."

"வேணாம்பா," என்றாள் அவசரமாக. "அங்கேயே கத்தட்டும்."