கட்டத்துக்குள் பேசுகிறவள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டைப் பெருக்குகிற காளியம்மைக்கு மலையாள எழுத்து வந்தது தொண்ணூறில், எழுத்தறிவு இயக்கம் தெருத்தெருவாக வந்தபோது. வீட்டில் பேசுவதென்னவோ தமிழ்தான், அதில் அ னா கூடத் தெரியாது. எழுத்துச் சொல்லித் தந்தவர்கள் எதை வாசிப்பது என்று சொல்லித் தரவில்லை. சில வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் குப்பையோடு ஒரு படக்கதை கிடைத்தது. முகமூடி போட்ட வீரன் ஒருத்தனின் கதை, மலையாளத்தில்.

பறந்துபோய் மலையைத் தூக்குகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இவன், பாவம், நனைந்துகொண்டே நடப்பான். பக்கமெல்லாம் கறுப்பு மை. ஜன்னல் வெளிச்சத்தில் பாதி முகம்தான் தெரியும். எதிரியை அடித்துப்போட்டாலும் அதில் ஒரு சந்தோஷம் கிடையாது. வாயும் திறப்பதில்லை. படத்துக்கு மேலே சின்னதாக ஒரு கட்டம், அதற்குள்தான் வார்த்தைகள்: ‘இந்த ஊரில் எனக்காக ஒரு விளக்கும் எரியவில்லை.’

மற்றவர்களின் வாயிலிருந்து வால் நீட்டிய பேச்சுக் குமிழி அவளுக்குப் புரிந்தது. கட்டத்துக்கு வால் இல்லையே, அப்போது பேசுவது யார்? யோசித்து யோசித்து, இது அவன் பெண்டாட்டிதான் என்று முடிவுகட்டினாள். எங்கோ வீட்டில் உட்கார்ந்து மனசுக்குள் புலம்புகிறாள். அவள் படத்திலேயே வராததும் காளியம்மைக்கு நியாயமாகத்தான் பட்டது. பெண்டாட்டியை எவன் வரைவான்?

அவள் கதையும் அப்படித்தானே. அவள் புருஷன் ராக்கப்பனின் தம்பி காயலில் முழுகிப்போனான். அந்த நாளோடு ராக்கப்பனின் பேச்சு நின்றது. சாயா வேணுமா என்றால் தலையாட்டுவான், அவ்வளவுதான். கல்லோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று அவன் காதுபடவே சொல்வாள். இந்த மனுஷனுக்குள் தனக்கென்று ஒன்றும் மிச்சமில்லை, மழை விட்டதும் ஆலுவாவில் அக்கா வீட்டோடு போய்விடுகிறேன் என்றும் சொல்லியாயிற்று. பையில் துணியும் எடுத்து வைத்தாயிற்று.

அந்த நாளெல்லாம் அவள் கனவில் நடப்பதுபோலத்தான் பெருக்கினாள். சுக்குக் கிடங்குகளின் சுவர்கள் நனைந்து கறுத்து நிற்கும். குடைக்கு அடியில் போகிறவர்கள் எல்லாரும் முகமூடிக்காரர்களாகத் தெரிவார்கள். சுக்கு வாசனைக்குள்ளே, முகம் தெரியாத அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டே போவாள். நீ எப்போடீ கிளம்பப்போறே என்று கேட்பாள். துடைப்பம் தானாக நகரும், தெரு எப்போது முடிந்தது என்றே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் மஞ்சுஷா புத்தகத்தைப் புரட்டினாள். அந்தப் பெண்டாட்டியின் கஷ்டத்தை அம்மா உருகி உருகிச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“அம்மா, இதுல பெண்டாட்டியே இல்ல. கட்டத்துல இருக்கறது அவன் மனசு. அவனேதான் உள்ளுக்குள்ள பேசறான்.”

காளியம்மைக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் பக்கத்திலிருந்து மறுபடி எழுத்துக்கூட்டினாள். மத்தியானம் அதிலேயே போனது. வாயே திறக்காத அந்த மனுஷனுக்குள் இத்தனையா ஓடியது!

வாசல்படியில் ராக்கப்பன் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சோறு, சாயா, மண்ணெண்ணெய் என்று அவனிடம் எத்தனையோ கேட்டிருக்கிறாள், இதை மட்டும் கேட்டதே இல்லை.

“உள்ளுக்குள்ள இப்ப என்னய்யா ஓடுது?”

அவன் வாசலுக்கு வெளியே கையை நீட்டி மழையைத் தொட்டுப் பார்த்தான்.

“மழை விட்டா நீ போயிடுவே,” என்றான். “மழை விடக்கூடாதுன்னுதான் ஓடுது.”