பஸ் மாத்திரை

எலத்தகிரி அந்தோணியின் இரண்டாம் தாரத்து மகள் பவுலினா. மத்தூர்ச் சித்தி பார்த்துச் சொல்லித்தான் போச்சம்பள்ளி யேசுராஜுக்கு வாக்கப்பட்டாள். அவன் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். மாதா கோயிலில் சத்தியம் பண்ணிக் குடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது.

மூன்று நாளாக அவனுக்கு வெளிக்குத் தார் மாதிரி போயிற்று. "ராகிக் களி தின்னா கறுப்பாத்தான்டி போகும்" என்றான். அவளும் நம்பினாள். நாலாம் நாள் விடியலில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பியவன் வாசலிலேயே குந்தி வாந்தி எடுத்தான். காபித்தூளைக் கரைத்து ஊற்றியது போலக் கிடந்தது. கையைத் தொட்டாள், சில்லென்றிருந்தது.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். டாக்டரம்மா கேட்டார்: "குடிப்பாரா? வலி மாத்திரை ஏதாவது போடுவாரா?"

யேசுராஜ் கண்ணைத் திறக்காமலே, "ரெண்டும் இல்லீங்க. நான் மாத்திரை சாப்பிடற ஆளில்ல" என்றான்.

பார்க்க வந்த அவன் அக்கா உதட்டைச் சுழித்தாள். "மாதா முன்னாடி பண்ண சத்தியம் எத்தனை நாளைக்குத்தான் தாங்கும்?"

பவுலினாவுக்கும் சந்தேகம் தட்டியது. மறைவாகக் குடித்திருப்பானோ?

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். "இரைப்பையில புண்ணு. ரத்தக் குழாயைக் கிளிப் போட்டு அடைச்சிருக்கோம். திரும்பக் கசியலாம், மூணு நாள் பார்க்கணும். கிருமி இருக்கான்னு டெஸ்டுக்கும் அனுப்பியிருக்கு. எதனால வந்துச்சுன்னு தெரியலன்னா மறுபடியும் வரும்மா."

மறுநாள் முழுக்க அவன் மூச்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம், அவனோடு லோடு ஏற்றும் முனீஸ்வரன் பிஸ்கட்டோடு வந்தான். போகும்போது சட்டைப் பையிலிருந்து பளபளவென்று ஓர் அட்டையை எடுத்துத் தலையணைக்கடியில் செருகினான். "முதுகு வலிக்குமேண்ணா."

"இன்னாடா அது?"

"ஒண்ணுமில்லக்கா, பஸ் மாத்திரை. ஏறினதும் ஆளுக்கு ஒண்ணு. வாரத்துக்கு ஒருத்தன் முறை வச்சு வாங்கியாருவோம். அப்பத்தான் குனிஞ்சு மூட்டையத் தூக்க முடியும்."

"வெறும் வயித்துலயா?"

"பஸ்ஸு அஞ்சரைக்கு. யாருக்கா தின்னுட்டு ஏறுறது?"

அவள் புருஷனிடம் திரும்பினாள். "டாக்டரம்மா கேட்டாங்களே, ஏன் சொல்லல?"

"இதெல்லாம் மாத்திரையாடி?" அவன் நிஜமாகவே விழித்தான். "சீக்காளிதான் மாத்திரை போடுவான். இது டீ குடிக்கிற மாதிரி."

அவள் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். டாக்டரம்மா திருப்பிப் பார்த்தார். "வலி மாத்திரை. புண்ணு இதனாலதான். இனி இதை அவர் தொடவே கூடாது."

திரும்பி வந்தபோது முனீஸ்வரன் முழங்காலைப் பிடித்தபடி கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தான். அவன் உதடு வெளுத்திருப்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது.

"தம்பி, உனக்கு வெளிக்கு எப்படிப் போகுது?"

"போக்கா, பொம்பளை கேக்கிற கேள்வியா இது?" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "ரெண்டு நாளா கறுப்பாத்தான்... வூட்ல ராகிக் களி."

பவுலினா அவன் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது.

"டாக்டரம்மா கெளம்பறதுக்குள்ள வா" என்று இழுத்துக்கொண்டு நடந்தவள், பாதி வராந்தாவில் கேட்டாள்: "உங்க பஸ்ஸுல மொத்தம் எத்தனை பேருடா?"