நானூற்றுப் பத்து அடி

அந்த வருஷம் எனக்கு நாற்பத்தாறு வயது. என் தொப்பைக்குப் பத்து வயதுதான் இருக்கும். ஆனாலும் எந்த வாசலிலும் எனக்கு முன்னால் நுழைவது அதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசில் நான் ஹெட் குமாஸ்தா. மாடியில் இருக்கும் தாசில்தாரிடம் காகிதக் கட்டோடு போனால், கும்பிடு போட்ட பிறகு வாயில் சொல் வர எனக்குச் சற்று நேரமாகும். பழைய தாசில்தார் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

புதியவர் அப்படியில்லை. மலையடிவாரக் கிராமங்களை நடந்தே பார்ப்பவர். தை மாத முகாமில் தன்னோடு நடக்க முடியாத குமாஸ்தா பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கட்டும் என்று வந்த வாரமே சொல்லிவிட்டார். என் வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். நான் யாருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "மருந்து ஒன்றும் வேண்டாம். தினமும் மேடு ஏறும்" என்றார்.

ஊருக்கு மேற்கே கரடு என்று ஒரு மொட்டைப் பாறைக்குன்று உண்டு. அதன் சரிவில் முனிசிபாலிடியார் அப்போதுதான் ஒரு பார்க்கு போட்டிருந்தார்கள். நாலைந்து புங்கங்கன்று, ஆடு தின்றது போக மிச்சமிருந்த குரோட்டன்ஸ், இரண்டு கல் பெஞ்சு, 'பூப் பறிக்கக் கூடாது' என்று ஒரு பலகை. பூவே இல்லாததால் அந்த உத்தரவை யாரும் மீறியதில்லை. பார்க்குக்கு மேலே உச்சி வரைக்கும் விறகுக்காரிகளின் ஒற்றையடிப் பாதை.

முதல் நாள் பெஞ்சு வரைக்கும் ஏறினேன். அங்கே மிளகாய் வியாபாரம் செய்யும் ராவுத்தர் காலைக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே டாக்டர், அதே வைத்தியம்.

"உக்காருங்க மாமா," என்றார். "எப்படியும் எறங்கத்தான போறிய. இங்கனயே இருந்துட்டா ரெண்டு வேலை மிச்சம்."

இந்தத் தர்க்கத்துக்கு எதிராக நான் படித்த புத்தகங்கள் எதிலும் பதில் இல்லை. ஒரு வாரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தே உடம்பைத் தேற்றினேன். பிறகு முகாம் ஞாபகம் வந்து எழுந்துவிட்டேன்.

எண்ணிக்கொண்டே நடந்தால் கால் ஏமாந்துபோகும் என்று கண்டுபிடித்தேன். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுவேன். மூச்சு முட்டி நிற்கிற இடத்தில் ஒரு கல்லை நிறுத்தி அடையாளம் வைப்பேன், மறுநாள் அதைத் தாண்டுவதற்கு. ஒருநாள் தலையில் கட்டோடு இறங்கி வந்த விறகுக்காரி ஒருத்தி என் முன்னால் நின்றாள். அந்தக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி மாதிரி.

"என்னங்கய்யா, இன்னைக்கு எம்புட்டு?"

இந்த ஊரில் என் முயற்சியை விசாரித்த முதல் ஆள். "நானூத்திப் பத்து அடி," என்றேன் பெருமையாக.

"நேத்து?"

"நானூறு. நாளைக்கு வந்து பாரு, நானூத்தி முப்பது."

"உச்சி வரைக்கும் எடுத்துருவியளோ?"

"எடுக்காம விடமாட்டேன்."

அவள் முகம் சுருங்கியது. என் உடம்புக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்து, மனம் நெகிழ்ந்தபடி இறங்கினேன்.

மறுவாரம் பாதையில் ஒரு விறகுக்காரியும் இல்லை. நாலாம் நாள் தபாலில் ஒரு மனு வந்தது. ஆபீசுக்கு வரும் மனுக்களைப் பிரித்துப் படிப்பது என் வேலை. தாலுகா ஆபீஸ் ஐயா விடியற்காலம் கரட்டில் அடி அளந்து, அளந்த இடத்தில் கல் நட்டு வருகிறார். நானூறாக இருந்தது நானூற்றுப் பத்தாகிவிட்டது. உச்சி வரை எடுக்காமல் விடமாட்டேன் என்று அவர் வாயாலேயே சொன்னார். கரட்டைச் சர்க்கார் அளந்தெடுத்து, யாரும் நுழையக் கூடாத காடாக்கிவிட்டால் விறகெடுத்துப் பிழைக்கும் நாங்கள் எங்கே போவோம் என்று எழுதியிருந்தது. கீழே ஒன்பது கைநாட்டு.

நான் சொன்ன அடி காலடி. அவர்கள் கேட்ட அடி சர்வேக்காரர் சங்கிலி அடி.

மனுவைக் கட்டுக்கு அடியில் வைத்திருக்கலாம். எங்கள் ஆபீசில் அப்படி வைத்த காகிதம் தை மாதத்துக்கு முன்னால் மேலே வராது. ஆனால் அதுவரை ஒன்பது வீட்டில் அடுப்பெரியாது. நான் நடந்ததற்கு அவர்கள் பட்டினி கிடப்பது நியாயமில்லை. மாடிக்கு எடுத்துப்போனேன். மூச்சு வாங்கியது.

தாசில்தார் படித்துவிட்டு, "எதுக்கு ஓய் அளந்தீர்?" என்றார்.

"அளக்கலை எஜமான். நடந்தேன்."

"எதுக்கு நடந்தீர்?"

இதற்குப் பொய் தயாராகத்தான் இருந்தது. சொல்ல மூச்சு பத்தவில்லை. "மேடு ஏறினா இளைக்குது. முகாமுக்கு வரணும். அதுக்குத்தான்," என்றேன்.

அவர் என் வயிற்றை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தார். "நாளைக்குக் காலையில ஸ்தல விசாரணை. அந்தப் பொம்பளைகளையும் வரச் சொல்லும். நீர் உச்சி வரைக்கும் ஏறும். உமக்கு முகாமா பென்ஷனான்னு அங்கயே தீர்த்திடலாம்."

மறுநாள் தாசில்தார் ராவுத்தர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். தலைவி ஒரு நிபந்தனை போட்டாள். "ஐயா எண்ணப்படாது. எண்ணாம ஏறட்டும், நம்புதோம். நான் பின்னாலயே வாரேன்."

கைத்தடியைப் பிடுங்கிக்கொண்டு ஏறச் சொன்னதுபோல் இருந்தது. நான் வைத்த கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டித் தள்ளிக்கொண்டே போனேன். அவர்களுக்கு நம்பிக்கை, எனக்குக் குனிகிற சாக்கில் ஓய்வு. கற்கள் தீர்ந்த பிறகு சாக்கும் தீர்ந்தது.

"ஐயா, ஒதடு அசையுது," என்றாள் பின்னாலிருந்து.

"சாமி பேரு சொல்லுதேன்."

"எந்தச் சாமி?"

"தெரிஞ்ச சாமி அம்புட்டையும்."

அதற்கு மேல் ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கீழே பெஞ்சு, தாசில்தாரின் தலைப்பாகை, தூரத்தில் ராஜபாளையம் பக்கத்துத் தோப்புகள் எல்லாம் மெதுவாகச் சுற்றின. இறங்கிவிடலாம் என்று கால் சொன்னது. பென்ஷன் வாங்கின பிறகு எந்நேரமும் இறங்கிக்கொள்ளலாம், இப்போது ஏறு என்று காலுக்குப் பதில் சொல்லிவிட்டு ஏறினேன். கடைசிக் கொஞ்சம் கையையும் ஊன்றித்தான் உச்சியைத் தொட்டேன்.

இறங்கி வந்ததும் தாசில்தார் அவளைக் கேட்டார். "எண்ணினாரா?"

"எங்கங்கய்யா எண்ண? வாயத் தொறக்கவே அவருக்குச் சீவன் இல்ல."

ஒரே வாக்கில் அவள் என்னை விடுதலை பண்ணி, பென்ஷனில் வீட்டுக்கும் அனுப்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

"நடுவுல நின்னாரா?"

"நின்னாரு. எத்தனையோ தடவை நின்னாரு." என்னை ஒரு பார்வை பார்த்தாள். "திரும்பல."

தாசில்தார் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "என்னோட நடக்க வாரவங்கள்ல பாதிப்பேர், பாதி வழியில மம்சாபுரத்துலயே திரும்பிடுறாங்க," என்று ராவுத்தரிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று மத்தியானம் மனுவின் முதுகில், 'ஸ்தலத்தில் விசாரிக்க, அளவு ஏதுமில்லை, நடை மட்டுமே' என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பிறகு முகாமுக்கு வருகிறவர்களின் பெயர் எழுதும் ஜாபிதாவை என் பக்கம் தள்ளினார். வீங்கின காலை மேஜைக்கடியில் மெல்ல நீட்டிக்கொண்டேன். என் பெயரை நானே தெளிவாக எழுதினேன்.